குழாய்க்குள் ஒரு தகடு

பெருங்களத்தூரில் ஜெய்னப் வீட்டை ஒட்டிப் புதிய அடுக்குமாடி எழும்பியதிலிருந்து, காற்று மாறி, விறகடுப்பின் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியது. அவள் கணவர் ஹாஜா மைதீன் வெல்டர். சாலையை அகலப்படுத்தியபோது பட்டறை போய்விட, மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அவராகவே எழுந்து, இரும்புக் குழாயைச் சேர்த்துப் புகைபோக்கியைத் தங்கள் மொட்டைமாடிக்கு மேலே உயர்த்தினார்.

புகை போயிற்று. ஆனால் சூடும் அதன் கூடவே போனது. உயரமான குழாய் காற்றை அப்படி இழுத்தது. தீ பானையை விட்டுவிட்டுக் குழாய்ப் பக்கம் சாய்ந்து உறுமியது. விறகு மளமளவென்று தீர்ந்தும் சோறு வேகவில்லை. ஜெய்னப் வாய் திறக்கவில்லை. நெடுநாளுக்குப் பிறகு அவர் செய்த வேலை அது.

ஒரு மாலை டீ கேட்டு வந்த ஹாஜா மைதீன் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சூடெல்லாம் மேல போய்க்கினு கீது. ஏன் ஜெய்னப் சொல்லல?”

“ஆசையா செஞ்சீங்க. எப்படிச் சொல்றது?”

அவர் மறுநாள் அடுப்பு ஆறியிருந்தபோது இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, அதில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, குழாய்க்குள் பொருத்தினார். வெளியே நீட்டிய கம்பியைத் திருப்பினால் தகடு புகை போகும் வழியைக் குறைக்கும். தீ மூட்டி முழுக்கத் திருப்பி மூடியதும் புகை அறையில் கவிந்து இருவரும் இருமினார்கள். பாதி திறந்தார். உறுமல் அடங்கியது. தீ நிமிர்ந்து பானையின் அடியைத் தொட்டது.

“இனிமே தப்புன்னா உடனே சொல்லு. நான் இன்னா கோச்சுக்கவா போறேன்?” என்றார்.

ஜெய்னப்புக்குக் கண் கலங்கியது. புகைதான் என்று நினைத்து, அவர் தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.