சுவருக்கு மேலால் வந்த கார்ச் சத்தம்

மாமா மகன் புது கிராபிக்ஸ் கார்டு போட்ட செய்தியை யாரும் எனக்கு வந்து சொல்லவில்லை. தெமோதரைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. அவன் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் கம்பியூட்டரில் கார் பறக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. ஓர் இடத்தில்கூடத் திக்காத சத்தம். அதே விளையாட்டு, அப்படி ஒரு கார்டு இல்லாத என்னுடையதில் நின்று நின்றுதான் ஓடும்.

வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவன் பண்டாரவளையில் போன் திருத்துகிறான், நான் பதுளையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். அவன் எது வாங்கினாலும் என்னைப் பார்த்துக்கொண்டே வாங்குவதுபோல் இருக்கும் எனக்கு.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அம்மா கிளம்பிப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"மருமகன் காரு ஓட்டுறத கொஞ்சம் பாத்துட்டு வர்றேன்" என்றாள்.

வாரம் முழுக்க மலையில் கொழுந்து பறித்த கால்களை நீட்டி உட்கார, பெற்ற மகன் வீட்டில் இடமில்லையா? அடுத்த ஞாயிறு அவளை என் பக்கத்தில் உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

என் கைக்கு எட்டியவை யாரோ பாவித்து விற்ற பழைய கார்டுகள் இரண்டு. ஒன்று குட்டை, ஒற்றை விசிறி. மற்றது நெட்டை, இரட்டை விசிறி. அவனுடையதைவிட ஒரு படி மேல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கடைக்காரரிடம் போனில் பேசி முடித்ததும் சுவருக்கு மேலால் அவன் குரல் வந்தது.

"மச்சான், பெருச வாங்காத. ஒன் கம்பியூட்டரு ஆபீஸ்ல கழிச்ச சின்னப் பெட்டி. அதுக்குள்ள குட்டக் கார்டுதான் போகும்."

பயலுக்குப் பொறாமை என்று நினைத்தேன். என்னிடம் இருந்த குணத்தை அப்படியே தூக்கி அவன் தலையில் கட்டினேன். "அத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாளே பெரியதை வாங்கினேன்.

அது போகவில்லை. கார்டின் உயரம் பெட்டியைவிட அதிகம். மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் செருகலாம் என்று பார்த்தால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் வயர் என் பெட்டியில் இல்லவே இல்லை. சனிக்கிழமை முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

சத்தம்தானே அவனுக்குக் கேட்கப் போகிறது? ஞாயிற்றுக்கிழமை, யாரோ அந்த விளையாட்டை விளையாடிப் பதிவு செய்த ஒரு வீடியோவை இணையத்தில் தேடிப் பிடித்து, திரை நிறைய விரித்து, ஸ்பீக்கரை முழுதாகத் திறந்து விட்டேன். கையைக் கீபோர்டில் வைத்து அழுத்தவும் செய்தேன். கார் சும்மா பறந்தது.

தண்ணீர் விழும் பீலிக்கரையில் மற்றப் பெண்களோடு துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் எட்டியிருக்க வேண்டும். ஈரக் கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடேயப்பா, நீயா ஓட்டுற!" என்று என் தோளைத் தட்டினாள். இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று நினைவில்லை. அந்தப் பக்கம் அவனுடைய கார் நின்றுவிட்டதையும் கவனித்தேன். எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று நினைத்தேன்.

அப்போது சுவருக்கு மேலால் அவன் குரல் வந்தது. கேலி எதுவும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

"மச்சான், இந்த வீடியோவ நானும் பாத்துட்டேன். இப்ப வர்ற வளைவுல கவுத்துருவான் பாரு."

கார் வளைவுக்கு வந்தது. கவிழ்ந்தது. திரைக்குள் இருந்த எவனோ சிரித்தான். நான் இன்னும் கீபோர்டை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அம்மா திரையைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள்.

"அப்ப நீ ஓட்டலையா?" என்றாள். "எம் மகன் ஓட்டுறான்னு பீலிக்கரையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேனே."