கிளட்ச் போன ஞாயிற்றுக்கிழமை

அப்பா மோட்டார் சைக்கிள் வாங்கியபோது எங்கள் சந்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். திருப்பூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. "மாஸ்டர் இல்லாம இங்கிருந்து ஒரு பீஸ் வெளிய போகாதுங்க" என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்வார். அப்பா அதை நம்பினார். நம்பியதால் ஊரே லீவில் இருக்கும் நாளிலும் அவர் மட்டும் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போவார். அந்தச் சத்தம் சந்து முனையைத் தாண்டி மறையும்வரை அம்மா வாசலில் நிற்பாள். பெருமையாக நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது, சரக்கு கப்பலுக்குப் போக வேண்டிய ஒரு ஷிப்மென்ட் வாரத்தில். தவழ ஆரம்பித்திருந்த குழந்தை. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் கம்பெனிக்குப் போய்ச் சொன்னார். "இதா, பின்னாலயே வந்தர்றேனுங்க" என்று அப்பா சொல்லி அனுப்பினார். கட்டிங் வேலையை முடித்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில், துண்டில் சுற்றிய தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நான் அதைப் பார்க்கவில்லை. எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, யாரிடமோ தாழ்ந்த குரலில் சொல்லும்போது கேட்டது.

தம்பியை அடக்கம் செய்து எல்லாம் முடிந்தபின் குன்னத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்று அம்மாவை அழைத்துக்கொண்டு போனார். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் அத்தையோடு இருந்தேன். கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. மழை வந்து, விட்டு, மறுபடி வந்தது. அப்பா வேலைக்குப் போனார், வந்தார். ஷிப்மென்ட் என்ற சொல் மட்டும் வீட்டில் கேட்காமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா வண்டியைக் கழுவித் துடைத்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். என்னையும் குளித்துவிட்டு வரச் சொன்னார்.

"எங்கீங்கப்பா போறோம்?"

"அம்மாவக் கூட்டியாறதுக்கு."

அத்தை எனக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டாள். கிளம்பும்போது அப்பாவிடம், "அங்க யாரு எது சொன்னாலும் கேட்டுக்க. எதுத்துப் பேசாத" என்றாள். அப்பாவிடம் அப்படிச் சொல்ல வேண்டியதே இல்லை. அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

பெருமாநல்லூர் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. நான் பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது என்ஜின் திடீரென்று பெருங்குரலில் கத்த ஆரம்பித்தது. கத்தியதே தவிர வண்டி முன்னால் போகவில்லை. அப்பா கியரை மாற்றிப் பார்த்தார். கத்தல் இன்னும் கூடியது. ரப்பர் கருகுவதுபோல ஒரு நாற்றம் வந்தது. பிறகு அதுவாகவே வேகம் குறைந்து ஓரத்தில் நின்றுவிட்டது.

"எறங்கு கண்ணு."

அவர் தள்ளினார். நான் கூடவே நடந்தேன். இரண்டு பக்கமும் சோளக்காடு. மேகம் கறுத்துக் கிடந்தது, ஆனால் மழை இல்லை, காற்றும் இல்லை. அப்பாவின் சலவைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என்னையும் தள்ளச் சொல்வாரென்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஏதோ தனக்கு மட்டும் விதித்த வேலையைப்போலத் தள்ளிக்கொண்டு போனார்.

புளியமரத்தடியில் தகரம் வேய்ந்த ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. மெக்கானிக் தெற்கத்திக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்து, பஞ்சுத்தூசு ஒத்துக்கொள்ளாமல் இங்கே கடை போட்டவர் என்று அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. வண்டியை வாங்கி, ஆயிலை ஒரு தகர டப்பாவில் வடித்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்டத் தகடுகளை வெளியே எடுத்து வைத்தார். பார்ப்பதற்குக் கருகிப்போன தோசைகள் மாதிரி இருந்தன.

"பாத்தியளா அண்ணாச்சி, பிளேட்டு பூராவும் தேஞ்சு தீஞ்சு போச்சு. என்ஜின் சுத்துது. ஆனா சக்கரத்துக்கு அந்தச் சுத்து போய்ச் சேரல. பிடிமானம் இல்ல, அதான்."

"இப்ப ஆகுமுங்களா?"

"பெருமாநல்லூர்ல கடை இருக்கு. இன்னிக்குச் சாத்தியிருந்தாலும் வீட்டுல போய்க் கேட்டு வாங்கிரலாம். பிள்ளையக் கூட்டிட்டு எங்க போறீய?"

"குன்னத்தூருக்குங்க. அவங்க அம்மா அங்க இருக்காங்க."

மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப சாயந்திரத்துக்குள்ள போயிரலாம் தாயி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.

நானும் அப்பாவும் பலகையில் உட்கார்ந்திருந்தோம். மூடி இல்லாத வண்டி, வயிற்றைத் திறந்து போட்டாற்போல எதிரில் நின்றது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்தால் எங்கே உட்காருவாள், நான் முன்னால் டேங்கின்மேல் உட்காருவதா, நடுவில் உட்காருவதா என்று கேட்டேன். "நடுவுல உக்காந்துக்கலாம்" என்றார்.

அப்போதுதான் மாமா வந்தார். பெருமாநல்லூர்ப் பக்கமிருந்து மொபெட்டில், பின்னால் புண்ணாக்கு மூட்டை கட்டி, குன்னத்தூர் திசையில் போய்க்கொண்டிருந்தவர், எங்களைத் தாண்டிப் போய் நிறுத்தி, திரும்பி வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவே பாதி வந்துவிட்டதுபோல இருந்தது.

"ஏனுங்க மாப்ள, வண்டிக்கு என்னாச்சுங்க?"

"கிளட்ச் போயிருச்சுங்க மச்சான். பிளேட் வாங்கப் போயிருக்காரு."

"அட, புள்ளைய வேற வெச்சுக்கிட்டு." மாமா பலகையில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து வறுத்த நிலக்கடலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "தின்னு சாமி."

இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மாடு கன்று போட்டிருப்பதைப் பற்றி மாமா சொன்னார். கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை என்றார். நான் கடலையை உரித்துக்கொண்டு அந்தக் கன்றை மனதில் பார்த்தேன்.

"உங்க ஊட்டுக்குத்தானுங்க கெளம்புனேன்" என்றார் அப்பா.

"தெரியுதுங்க." மாமா துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இப்பத்தானுங்க மாப்ள தங்கச்சி ரெண்டு வாய் சோறு திங்குது. தொட்டிலக் கழட்டி மேல அட்டாலில போட்டாச்சு. உங்களப் பாத்துதுன்னா மறுக்காவும் முதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கும். நான் சொல்றது தப்புங்களா?"

"இல்லீங்க."

"கோவத்துல சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க."

"இல்லீங்க மச்சான்."

"அதுக்குத் தானா மனசு ஆறட்டுமுங்க. நானே கொண்டாந்து உட்டர்றேன்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆயில் சிந்தி மண் கறுத்திருந்தது. "புள்ளையாச்சும் ஒருவாட்டி பாத்துட்டு வரட்டுமுங்களே" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் பிரியம்தான் இருந்தது, இப்போதும் என்னால் அதைச் சந்தேகப்பட முடியவில்லை. "புள்ளையப் பாத்தா அது கெளம்பி வந்துருமுங்க மாப்ள" என்றார்.

அதற்குத்தானே போகிறோம் என்று நான் நினைத்தேன். இரண்டு பெரியவர்களும் ஒருவரையொருவர் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள், ஒரு குரல் உயரவில்லை, ஆகவே எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறது என்பது என் கணக்கு. மாமா எழுந்து என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். "சரியானதும் மழைக்கு முந்திப் பதனமாப் போங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார். அவர் மேட்டில் ஏறி மறையும்வரை நான் கையாட்டினேன்.

மெக்கானிக் புது பிளேட்டுகளோடு வந்தார். அவற்றை ஆயிலில் ஊறப் போட்டு, பழைய ஆயிலைத் துடைத்து, ஒவ்வொன்றாக அடுக்கி, ஸ்பிரிங்குகளை அமுக்கிப் பூட்டினார். மூடியை முடுக்கினார். வண்டியை உதைத்து, கிளட்சைப் பிடித்து விட்டுப் பார்த்தார். பிறகு, "நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

அப்பா தனியாக ஏறி, குன்னத்தூர் திசையில் ஓட்டிக்கொண்டு போனார். மேட்டில் வண்டி சிரமமில்லாமல் ஏறியது. மேல்முனையில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு காலை ஊன்றி, அந்தப் பக்கம் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார்.

"என்ன, வண்டி நின்னுட்டா?" என்று மெக்கானிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் அங்கே போகக் கிளம்பும்போது அப்பா திரும்பி வந்தார்.

"சரியா இருக்குதுங்க."

"இனி கன்னியாகுமரி வரைக்கும் போலாம், ஒண்ணும் செய்யாது."

நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி திருப்பூர்ப் பக்கம் திரும்பியது.

"அப்பா, இந்தப் பக்கம் இல்லீங்கப்பா."

"புது பிளேட் கண்ணு. மொத நாள்ல ரொம்ப தூரம் ஓட்டப்படாது."

சரி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பும் தூரம்தான் அம்மா இருந்த இடத்துக்கும். அதை நான் யோசிக்கவில்லை. அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். சட்டை இன்னும் ஈரமாக இருந்தது. அவர் உடம்பு குலுங்கிக்கொண்டே வந்தது. கிளட்ச் புதிதாக இருந்தால் வண்டி இப்படிக் குலுங்கும்போல என்று எண்ணிக்கொண்டேன்.

அத்தை வீட்டைக் கழுவி, வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தாள். வண்டியின் பின்னால் என்னை மட்டும் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "கிளட்ச் போயிருச்சு. போக முடியல" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார்.

"சரி பண்ணியாச்சுங்க அத்தை, புது பிளேட் போட்டாச்சு" என்றேன் நான்.

அத்தை என்னை உள்ளே அழைத்துப் போனாள். கை கால் கழுவச் சொன்னாள்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முந்தி, சொன்னபடியே மாமா அம்மாவைக் கொண்டுவந்து விட்டார். அம்மா மெலிந்திருந்தாள். தண்ணீர் சேந்தினாள், சமைத்தாள், என் துணிகளைத் துவைத்தாள். அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு நெடுங்காலம் அவர்கள் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார்கள். சண்டை என்று ஒன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை. பேச்சு என்று ஒன்று நடந்ததாகவும் நினைவில்லை.

அம்மா வந்த சில நாட்களில், ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வகிடு எடுத்து ஒரு பக்கம் பின்னி முடித்திருந்தாள். அப்பா அப்போதுதான் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போயிருந்தார்.

"ஏங்கண்ணு, அம்மாவப் போய்க் கூட்டியாறலாம்னு அப்பா ஒருநாளுஞ் சொல்லலியா?"

"சொன்னாரும்மா. கெளம்பிப் பாதி தூரம் வந்துட்டோம். வண்டி கெட்டுப்போச்சு."

சீப்பு நின்றது. "அப்படியா" என்றாள். அந்தக் குரலில், அவள் ஊரிலிருந்து வந்தபின் நான் கேட்காத ஒரு மென்மை இருந்தது. "சரி பண்ண முடியலியாக்கும்?"

"பண்ணியாச்சு. புது பிளேட் போட்டாச்சு. மெக்கானிக் கன்னியாகுமரி வரைக்கும் போலாம்னாரு."

"அப்பறம்?"

"அப்பறம் அப்பா ஊட்டுக்குத் திருப்பிட்டாரு."

அம்மா மீதிச் சடையைப் பின்ன ஆரம்பித்தாள். இழுத்து இழுத்துப் பின்னியதில் எனக்கு வலித்தது. மாமா வந்ததைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கேட்டது வண்டியைப் பற்றி. மாமா அந்த வண்டியைக் கெடுக்கவும் இல்லை, சரிபண்ணவும் இல்லை. எனக்குக் கடலை கொடுத்தார், கன்றுக்குட்டியைப் பற்றிச் சொன்னார், அவ்வளவுதான்.

"நேரமாச்சு, போ" என்று அம்மா என் முதுகைத் தள்ளினாள். கேட்டதற்கெல்லாம் ஒன்று விடாமல் சரியாகப் பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு நான் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.