எனக்கென்று வைத்திருந்த வீடு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்குக் கலியாணம் பேசினால் தாய் தன் வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவாள். பாலையூற்றில் இருந்த எங்கள் வீடும் அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. அப்பா செத்து இரண்டாம் வருடம், மூத்தவளான நான் தாதிப் படிப்புக்கு லண்டனுக்குப் புறப்பட்டேன். "படிச்சு முடிச்சுப்போட்டு வா பிள்ளை, வீடு உனக்குத்தான்" என்றார் அம்மா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே காலம் தள்ளினேன்.

கோதாரி விழுந்த குளிர். விடுதியில் பக்கத்து அறைக்காரி 'குட் மோர்னிங்' தவிர வேறு சொல் பேசமாட்டாள். முதல் வருடம் முழுக்கக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்; சத்தம் வெளியே கேட்கக்கூடாதே. நித்திரை வராவிட்டால் எங்கள் வீட்டை மனதில் திறந்து சாமான் அடுக்குவேன். முன்னறையில் இரண்டு கதிரை. குசினிக்குப் புது அலுமாரி. கிணற்றடிக் கதவைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும். துறைமுகத்தில் கப்பல் ஊதுவது கேட்கிற யன்னலோரம் என் கட்டில். அடுக்கி முடிப்பதற்குள் தூங்கிப்போவேன்.

நோயாளியைப் பார்க்கப் படித்தது ஒருபுறம். வாயைத் திறக்கப் படித்தது அதைவிடப் பெரிது. வீட்டில் நான் எதற்கும் 'ஓம்' சொல்கிற பிள்ளை. உன் சட்டையைத் தங்கைக்குக் கொடு என்றால் ஓம். எல்லாரும் கோயிலுக்குப் போகிறோம், நீ வீட்டைப் பார் என்றாலும் ஓம். லண்டனிலும் ஓம் சொல்லிச் சொல்லி எல்லாருடைய வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் வார்டுப் பொறுப்பாளரிடம் போய் என்னால் ஏலாது என்றேன். வானம் இடிந்து விழவில்லை. அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு வேறொருத்தியைப் போட்டார். அட, இவ்வளவுதானா என்று எனக்கே சிரிப்பு வந்தது. படிப்பு முடிந்தபோது அவரே கூப்பிட்டு, இங்கேயே நில், வேலை தருகிறோம் என்றார். ஊரில் எனக்கு வீடு இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுக் கப்பலேறினேன்.

வந்து பார்த்தால் வீட்டுக்குப் புதிதாக நீலம் அடித்திருந்தார்கள். முந்தின வருடம் தங்கைக்குக் கலியாணம் முடிந்திருந்தது. அது எனக்குத் தெரியும். அவள் பூப்போட்ட பீங்கான் கோப்பையில், தட்டோடு, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது விருந்தாளிகளுக்கு மட்டும் வெளியே எடுக்கிற கோப்பை. "எத்தினை நாள் லீவு அக்கா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டாரும் வந்து அதையே கேட்டார்கள். உடுப்பை வைக்கலாமென்று என் அறை அலுமாரியைத் திறந்தேன். உள்ளே தங்கையின் கணவருடைய சேர்ட்டுகள் அடுக்கியிருந்தன.

நேரே குசினிக்குப் போனேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"வீட்டை அவளுக்கு எழுதிப்போட்டன் பிள்ளை. நீ பனிக்குள்ள கோட்டுப் போட்டுக்கொண்டு, சிரிச்சபடி நிண்ட படம் அனுப்பினனியெல்லே? பார்த்த ஆக்களெல்லாம் இனி உவள் இஞ்ச வந்து இருப்பாளோ எண்டு சொல்லிச்சினம். தங்கச்சிக்கும் மாப்பிள்ளை சரிவந்திட்டுது. நான் என்ன செய்யிறது?"

அந்தக் கோட்டு கூடப் படித்தவளிடம் இரவல் வாங்கியது. அம்மா கவலைப்படக்கூடாதென்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், வேறென்ன.

"என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே அம்மா?"

"கேட்டிருந்தா நீ ஓம் எண்டுதானே சொல்லியிருப்பாய்."

அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் என்னைக் கூடுதலாகச் சுட்டது. லண்டனுக்குப் போன பிள்ளை ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள். திரும்பி வந்தவளை அம்மாவுக்குத் தெரியாது.

பின்னேரம் தங்கையின் கணவர் துறைமுக வேலை முடிந்து வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல எனக்கு வாயில்லை. "அக்கா, பின்னால சுவரோட சேர்த்து உங்களுக்கொரு பத்தி இறக்கித் தாறன். இதை உங்கட வீடு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றார். என் வீட்டை என் வீடு மாதிரி நினைக்க வேண்டுமாம்! "எனக்குப் பத்தி வேண்டாம்" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் வேண்டாம் அதுதான். தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை.

பட்டணத்து ஆசுபத்திரியில் வேலை எடுத்து, தாதியர் விடுதியில் ஒரு அறைக்குப் போனேன். லண்டன் அறையைவிடச் சின்னது. குளிரில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நித்திரை வராவிட்டால் சாமான் அடுக்கிப் பார்க்க இப்போது மனதில் ஒரு வீடும் இல்லை. தனிமை என்றால் இதுதான் தனிமை என்று சொந்த ஊரில் வந்து தெரிந்துகொண்டேன்.

எனக்கு லீவான ஒரு நாள் மத்தியானம் அம்மா பஸ்ஸில் வந்தார், கையில் ஒரு பை. "சோறு கட்டியந்தனான்" என்று மேசையில் வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார். "நல்ல காத்து வருது" என்றார். கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டார்.

"மருமகன் வேலையால வந்திடுவார். பஸ்ஸை விட்டா ஏலாது."

மகள் வீட்டில் இருக்கிற தாய், மருமகன் வருகிற நேரத்தில் வெளியே தங்கமாட்டாள். எங்கள் பக்கத்து மரியாதை அது. எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்தேன்.

"போகாதேங்கோ அம்மா. இண்டைக்கு மட்டும் என்னோட இருந்து சாப்பிடுங்கோ. எனக்குத் தனியச் சாப்பிட ஏலாமல் கிடக்கு."

என் வாயிலிருந்து அப்படியொன்றை அவர் கேட்டதேயில்லை. என்னை வடிவாக உற்றுப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார்.

"அவர் பசியோட வருவாரெல்லே பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பஸ் போகும்வரை யன்னலடியில் நின்றேன். பிறகு வந்து பையைத் திறந்தேன். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொதிகள் இரண்டு இருந்தன.