நெருப்புப் பிடிச்சிட்டுது

எங்கள் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு வீட்டுக்குள் இல்லை. பின்வளவில், வேலியோரமாக, தகரக் கூரை போட்ட கொட்டிலுக்குள் நிற்கிறது. ஆள் உயர இரும்புப் பெட்டி அது. விறகை எரித்தால் அதன் சுவர்களுக்குள் இருக்கும் தண்ணீர் சூடேறும். நிலத்துக்கு அடியில் புதைத்த குழாய் வழியாக அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, அறைகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பவும் கொட்டிலுக்கே போகும்.

ஸ்டுட்கார்ட்டில் மாடி வீடு ஒன்றில் பல வருடங்கள் வாடகைக்கு இருந்துவிட்டுத்தான் இந்தக் கிராமத்துப் பழைய வீட்டை வாங்கினோம். கொட்டிலை முதன்முதலாகத் திறந்து பார்த்த என் மனைவி, அடுப்பையும் அதைச் சுற்றி ஓடும் குழாய்களையும் பார்த்துவிட்டு, "வீடு வாங்கினனாங்களோ, கப்பல் வாங்கினனாங்களோ?" என்று கேட்டாள். மகள் அன்று முழுவதும் என்னைக் கப்டன் என்று கூப்பிட்டாள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சாம்பல் அள்ளுவது ஒரு மாறுதல். அடுப்பின் கதவைச் சுற்றி ஒரு தடித்த கயிறு இருக்கும். புகை வெளியே வராமல் தடுப்பது அதுதான். ஒரு கடதாசித் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி, பிறகு கடதாசியை இழுத்துப் பார்க்க வேண்டும். இலகுவாக உருவிக்கொண்டு வந்தால் கயிறு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அறை ஒன்று சூடாகாவிட்டால் குழாயில் காற்று அடைத்திருக்கும், அதைத் திறந்து விட வேண்டும். இதையெல்லாம் கையேட்டை வாசித்தே பழகிக்கொண்டேன். கையேட்டில் இருந்த இன்னொன்றையும் வாசித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. நெருப்பை மூச்சுத் திணறவிட்டு நெடுநேரம் புகையவிட்டால் புகைபோக்கிக்குள் தார் படியும், அந்தத் தார் ஒருநாள் தானே பற்றிக்கொள்ளும் என்று அதில் எழுதியிருந்தது. நானோ தினமும் இரவில் விறகை நிறைய அடுக்கி, காற்று போகும் வழியை நன்றாகக் குறைத்துவிட்டுத்தான் படுக்கப் போவேன். விடியும்வரை தணல் கிடந்தால் காலையில் வேலை சுலபம்.

அந்தக் காலை வேலை மகளுடையது. அவளே கேட்டு வாங்கிக்கொண்டது. பதினைந்து வயது. மனைவி முதியோர் இல்லத்தில் காலை வேலைக்கு இருட்டோடு போய்விடுவாள். நான் குசினியில் சாப்பாடு செய்வேன். மகள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போய், தணலைக் கிளறி, சிராய்களை வைத்து, நெருப்பை மீண்டும் எழுப்புவாள். குசினி யன்னலிலிருந்து கொட்டில் வாசல் தெரியும், உள்ளே தெரியாது. அதன் கூரையை, யன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேல்மாடிப் பல்கனி மறைத்துவிடும். நெருப்பு எழும்பியதும் வாசலில் நின்று கத்துவாள்:

"அப்பா, பிடிச்சிட்டுது!"

"காத்தைத் திறந்து விட்டுட்டு வா!" என்று நானும் கத்துவேன்.

அடுப்பின் கீழே ஒரு சிறு கதவு உண்டு. காற்று அதனூடாகத்தான் உள்ளே போகும். அதைத் திறந்துவிட்டால் புது நெருப்பு நன்றாக ஏறும். கேள்வியும் பதிலும் போல ஒவ்வொரு குளிர்காலக் காலையும் இந்த இரண்டு வரிகளோடுதான் தொடங்கும்.

இந்த இரண்டு வரிகளும் தமிழில் இருந்தது தற்செயல் அல்ல. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறவன் நான். வீட்டுக்குள் தமிழ் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மகள் டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், எதைக் கேட்டாலும் "தமிழில" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். அவள் தமிழில் கேட்கும்வரை எனக்குக் காது கேட்காது. அவளும் சும்மா விடமாட்டாள்.

"கொட்டில் வெளியாலதானே இருக்கு. அங்க டொச் கதைக்கலாம்."

"குழாய் எங்க வருது?"

"வீட்டுக்குள்ள."

"அப்ப கொட்டிலும் வீடுதான்."

"அப்ப தண்ணி தாற கொம்பனியும் எங்கட வீடோ? அவங்களும் தமிழ் கதைக்கோணும், என்ன?"

நான் சிரித்தேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று காலையில் நல்ல மூடுபனி. நான் அவிந்த புட்டை நீற்றுப்பெட்டியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன். யன்னல் சற்றே திறந்திருந்தது. கொட்டில் பக்கமிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா! எஸ் ப்ரென்ட்!"

எரிகிறது என்பதற்கு டொச்சில் அதுதான் சொல். அடுப்பு எரிந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள், வீடு எரிந்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். அவள் குரல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்ததாக இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது என் காதில் விழுந்தது குரல் அல்ல, மொழி.

"தமிழில!" என்றேன்.

சிறிது நேரம் சத்தமில்லை. அவள் அங்கே நின்று சொல் தேடியிருக்கிறாள்.

"நெருப்புப் பிடிச்சிட்டுது, அப்பா!"

தினமும் கேட்ட வரிதான். ஒரு சொல் கூடியிருந்தது, அவ்வளவுதான். முழு வசனமாகச் சொல்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன்.

"கெட்டிக்காரி! காத்தைத் திறந்து விட்டுட்டு வா, புட்டு ஆறுது!"

அவள் திறந்துவிட்டாள். அடுப்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் அப்பா. அப்பா சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும். அப்படித்தான் நினைத்திருப்பாள்.

நான் தேங்காய்ப்பூவைத் தூவிக்கொண்டிருந்தபோது தெருவிலிருந்து முன்வீட்டுக் கிழவர் கத்தினார். அதே இரண்டு சொற்கள்தான். எஸ் ப்ரென்ட். அவரிடம் நான் "தமிழில" என்று சொல்லவில்லை. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கொட்டிலுக்கு மேலே புகைபோக்கி வாயிலிருந்து நெருப்பு சீறிக்கொண்டிருந்தது. ரயில் கிட்ட வருவதுபோல ஒரு இரைச்சல். உள்ளே புகைக்குழாய் அடியிலிருந்து கூரைவரை சிவந்துபோய், அது கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் மரச்சட்டம் புகைந்துகொண்டிருந்தது. மகள் அடுப்புக்கு முன்னால் ஒரு கையை மற்றக் கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள்.

"காத்தைப் பூட்டிட்டன், அப்பா" என்றாள்.

நான் திறக்கச் சொன்னதைத் திறந்து, இரைச்சல் பெருத்ததைப் பார்த்து, அவளாகவே திரும்பவும் மூடியிருக்கிறாள். சிறு கதவின் பிடி கொதித்துக் கிடந்திருக்கிறது. கையுறையைத் தேட நிற்கவில்லை. வலது உள்ளங்கையின் தோல் பிடியோடு ஒட்டிப் போயிருந்தது.

தீயணைப்புக்கு வந்தவர்கள் கிராமத்து ஆட்கள்தான். அவர்களில் ஒருவரிடம்தான் நாங்கள் பாண் வாங்குகிறோம். புகைபோக்கிக்குள் தண்ணீர் அடிக்கவில்லை, அடித்தால் ஆவி வெடித்துக் குழாயே பிளந்துவிடுமாம். கருகிய சட்டங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே இருந்த தார் எரிந்து முடியட்டும் என்று காவலிருந்தார்கள். பாண்காரர் காற்றை மூடியது யார் என்று கேட்டார். மகள் என்றேன். திறந்திருந்தால் கொட்டிலோடு விறகும் போயிருக்கும், காற்று இந்தப் பக்கம் வீசியிருந்தால் வீடும் போயிருக்கும் என்றார். மகளைப் பார்த்து, நல்ல வேலை செய்தாய் என்றார். திறந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. மகள் என்னைப் பார்க்காமல், ஈரத்துணி சுற்றிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு மனைவி வேலை உடுப்போடு வந்தாள். மகளிடம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, நடைபாதையில் நின்ற என்னிடம் வந்தாள்.

"பிள்ளை கத்தேக்க உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கினது. வேற மாதிரி விளங்கினது."

"முதல்ல டொச்சில கத்தினவளாம்."

"ஓம்."

"உங்கட தமிழுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்கோ" என்றாள். பிறகு சுவரில் சாய்ந்து அழுதாள்.

கை ஆறிவிட்டது. உள்ளங்கையில் தோல் இழுத்துப் பிடித்திருப்பதால் பேனையை இப்போது வேறு விதமாகப் பிடிக்கிறாள். புகைபோக்கிக்குப் புதுக் குழாய் போட்டாயிற்று. நான் இப்போது நெருப்பைப் புகையவிடுவதில்லை. மாலையில் நன்றாக எரித்து, அதுவாக அடங்க விடுகிறேன். மகளை இனி அந்தப் பக்கம் விடுவதில்லை என்றும் முடிவெடுத்தேன். அவள் கேட்கவில்லை, கை ஆறியதும் திரும்பவும் போகத் தொடங்கினாள். பயம் எனக்குத்தான், அவளுக்கு இல்லை.

ஆனால் அவள் இப்போது கூப்பிடுவதில்லை. நெருப்பு எழும்பியதும் அடுப்பிலுள்ள வெப்பமானியின் முள்ளைப் படமெடுத்து என் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறாள். படத்துக்கு மொழி இல்லை. மேசையில், காரில், படிக்கட்டில் என்னோடு டொச்சில் மட்டுமே கதைக்கிறாள். கோபத்தில் அல்ல, சாதாரணமாக. "தமிழில" என்ற சொல் என் வாய்வரை வருகிறது, பிறகு விழுங்கிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் மற்றவர்களின் பிள்ளைகளிடம்கூட இப்போது அதைச் சொல்ல வாய் வருவதில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"ஏன் இப்ப கூப்பிடுறேல்லை?"

எந்தச் சொல்லால் கூப்பிட, என்று டொச்சில் கேட்டாள்.

அதற்கு நான் ஆயத்தமாக இருந்தேன். பல நாட்கள் யோசித்து வைத்திருந்தேன். அடுப்பென்றால் மூண்டிட்டுது என்று சொல்லலாம், ஆபத்தென்றால் தீப்பத்திட்டுது என்று சொல்லலாம், இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாது என்று விளக்கத் தொடங்கினேன். வாத்தியார் குரலில்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நெருப்புக்குள்ள நிண்டுகொண்டு நான் சொல்லுத் தேடோணுமோ, அப்பா?"

தமிழில் கேட்டாள். அந்தக் காலைக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் தமிழ் வசனம். ஒரு பிழை இல்லை. நான் இத்தனை வருடமாகக் கேட்டு நின்றது இதைத்தான்.

"தேட வேண்டாம்," என்றேன். "சத்தம் போடு. எந்தச் சத்தமெண்டாலும் நான் வாறன்."

அவள் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள். அடுத்த காலையும் படம்தான் வந்தது.

இப்போது அவள் கொட்டிலுக்குள் போனதும் குசினி யன்னலை முழுதாகத் திறந்துவைத்து, வெளியே வரும்வரை அங்கேயே நிற்கிறேன். அடுப்பில் என்ன வேகிறது என்றும் பார்ப்பதில்லை. குளிர் நேராக முகத்தில் அடிக்கிறது. நேற்று வளவைக் கடந்து வந்தவள் என்னைக் கண்டதும் நின்று, யன்னலைச் சாத்துங்கள், நான் மூட்டுகிற சூடெல்லாம் வெளியே போகிறது என்றாள். டொச்சில்தான் சொன்னாள்.

அவள் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றும்வரை நான் யன்னலைச் சாத்தவில்லை.