ருக்குவின் பெயரில்

சேஷகிரி பயப்படாத விஷயம் ஏதாவது உண்டா என்று ஒக்கலிபுரத்தில் யாரைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். மழை வந்தால் ஓடு ஒழுகுமோ என்று பயம். வராவிட்டால் குழாயில் தண்ணீர் நின்றுவிடுமோ என்று பயம். ஸ்டேஷனில் இன்ஜின் கொஞ்சம் நீளமாக ஊதினால் எங்கேயோ விபத்து என்பார். அப்படிப்பட்ட மனுஷர் பத்து வருஷம் பார்த்த சர்க்கார் உத்தியோகத்தை, பென்ஷன் உள்ள உத்தியோகத்தை, 1957இல் ஒரு திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, இனிமேல் கதை எழுதியே பிழைப்பது என்று உட்கார்ந்தார். தைரியத்தில் செய்த காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதையும் பயந்துதான் செய்தார்.

கதையை அதற்கு ஆறு வருஷம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். சர்க்கார் சிப்பந்தி ஒருவர் பத்திரிகையில் எழுதுவதென்றால் மேலதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. அனுமதி கேட்கப் போனால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். நிமிர்ந்து பார்த்தால் இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் கதையை எழுதி முடித்ததும் அடியில் பெண்டாட்டி பெயரைப் போட்டார். அந்தக் காலத்தில் பல பேர் செய்ததுதான். ருக்கு அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பேர்தானே, எடுத்துக்கோங்கோ. எனக்கு அதை வச்சுண்டு என்ன ஆகப்போறது?" என்று சிரித்தாள்.

கதை மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் உடனே வந்துவிட்டது. ஒரு குமாஸ்தாவின் மனைவி 'நான்' என்று தானே பேசுகிற கதை. ரேஷன் கடை வரிசை, குழாயடியில் பாதி தமிழும் பாதி கன்னடமுமாக நடக்கும் சண்டை, எதற்கெடுத்தாலும் பயப்படும் புருஷன், எல்லாம் அதில் இருந்தன. ஊரில் உள்ள பெண்களெல்லாம் தங்கள் வீட்டையே அதில் பார்த்தார்கள். "அன்புள்ள ருக்கு அக்கா" என்று கடிதங்கள் வர ஆரம்பித்தன. ருக்கு அவற்றை வாசித்துச் சிரிப்பாள். சேஷகிரி பதில் எழுதுவார். பெயர் அவளுடையது, கையெழுத்து அவருடையது என்று ஆறு வருஷம் ஓடிற்று.

பிறகு இரண்டு கடிதங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று, ஆசிரியரிடமிருந்து: ருக்கு அம்மாள் எங்களுக்கு ஒரு தொடர்கதை எழுத வேண்டும், விளம்பரம் செய்துவிட்டோம். இன்னொன்று, ஆபீசிலிருந்து: கன்னட ஜில்லாக்களெல்லாம் சேர்ந்து மாநிலம் பெரிதாகிவிட்டதால் உம்மை வடக்கே குல்பர்காவுக்கு மாற்றியிருக்கிறோம்.

ஒக்கலிபுரத்திலிருந்து சிட்டி ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. சனிக்கிழமை சாயங்காலம் அங்குள்ள ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் பெட்டியில் போட்டால் அத்தியாயம் மெயில் வண்டியில் ஏறி மறுநாளே மெட்ராஸ் போய்விடும். குல்பர்காவிலிருந்து எப்போது போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? அதோடு குல்பர்காவில் வெயில், தேள், தெரியாத ஜனங்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். ராஜிநாமா எழுதிவிட்டார்.

ஆபீசில் இவருடைய ரகசியம் தெரிந்த ஒரே ஆள் சிரில். மர்பி டவுன்காரர், டைப்பிஸ்ட். ராஜிநாமாக் காகிதத்தை டைப் அடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாப்பா இது? ஆளுங்க இந்த வேலைக்கு வரிசையில நிக்கிறாங்க. நீ உட்டுட்டுப் போறேன்ற. தொடர்கதை முடிஞ்சா அப்புறம் இன்னா பண்ணுவ?"

"இன்னொரு தொடர்கதை."

"அவன் கேக்கலன்னா?"

சேஷகிரிக்கு அதுவரை அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. உலகத்தில் உள்ள ஆபத்தையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைக்கிறவருக்கு அது மட்டும் தோன்றாமல் போனதுதான் வேடிக்கை. சிரில் பெருமூச்சு விட்டு டைப் அடித்துக் கொடுத்தார்.

வேலையை விட்ட பிறகுதான் பத்து மணி என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்தது. ஒன்பதரைக்குத் தெருவில் சைக்கிள்கள் போகும். பத்துக்குத் தெரு காலியாகிவிடும். ஆண்பிள்ளை என்று மிஞ்சுவது அவரும் எதிர்வீட்டுப் பென்ஷன்காரரும்தான். வாசலில் யாராவது வந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். "லீவா சார்?" என்று ஒருவர் கன்னடத்தில் கேட்டதற்கு, "சொல்ப ஜ்வர", கொஞ்சம் ஜுரம், என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் இருமிக்கொண்டிருந்தார். எழுத நேரம் கிடைக்காதா என்று ஆறு வருஷம் ஏங்கியவருக்கு இப்போது நாள் முழுக்க நேரம். பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. இந்த வரி சரியில்லை என்றால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது என்று தெரிந்துவிட்டால் வரி எப்படி வரும்?

பன்னிரண்டாவது வாரம் ஆசிரியர் எழுதினார். கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது, வாசகர்கள் சலித்துக்கொள்கிறார்கள், பெரிதாக ஏதாவது நடக்காவிட்டால் நான்கே வாரத்தில் முடித்துவிட வேண்டும்.

அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ருக்குவிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து, கதையில் 'நான்' என்று பேசுகிறவளின் புருஷனைக் கொன்றார். ஆபீசுக்குக் கிளம்பும்போது செருப்பில் ஒரு காலை நுழைத்த அந்த மனுஷன் அப்படியே சுவரில் சாய்ந்து போய்விடுகிறான். அதற்குப் பின் அவள் எப்படி இருக்கிறாள் என்பதுதான் மீதிக் கதை. அதுவரை முரண்டு பிடித்த பேனா அன்று நிற்காமல் ஓடியது. சனிக்கிழமை பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான், அடியில் யார் பெயரைப் போட்டிருக்கிறோம் என்பது உறைத்தது. கையை விட்டு எடுக்க முடியாதபடி பெட்டியின் வாய் குறுகலாக இருந்தது.

ருக்கு எப்போதும் அச்சில்தான் வாசிப்பாள். அந்த வியாழக்கிழமை பத்திரிகையைப் பிரித்தவள் வெகுநேரம் தலை தூக்கவில்லை.

"என் பேரைப் போட்டுண்டு உங்களைக் கொன்னிருக்கேள்" என்றாள்.

"கதைதானே ருக்கு."

"கதைன்னு இதுக்குத் தெரியுமா?" என்று தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயில். அவர் சாப்பிட உட்கார்ந்தால் எதிரிலேயே நின்றுகொண்டு, கடைசிக் கவளம் உள்ளே போகிறவரை பார்ப்பாள்.

கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. 'நான்' என்று எழுதியது ருக்குவின் சொந்த வாழ்க்கைதான் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "உங்கள் கணவரின் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று சேலத்திலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். தம்முடைய துக்கக் கடிதங்களைத் தாமே வாங்கி, தாமே பிரித்துப் படித்த மனிதர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? சேஷகிரி அவற்றை ருக்குவின் கண்ணில் படாமல் பரண்மேல் போட்டார். மார்பில் இடது பக்கம் லேசாக வலிப்பதுபோல் இருந்தது. எழுதியதே பலித்துவிடுமோ என்ற பயத்தில் வெளியே கிளம்பும்போது செருப்பை உட்கார்ந்துகொண்டு மாட்ட ஆரம்பித்தார். ஆசிரியரோ குஷியாக இருந்தார். இன்னும் இருபது வாரம் தாராளமாகப் போகலாம், ருக்கு அம்மாளுக்கு எங்கள் அனுதாபங்கள் என்று எழுதினார். அவரும் நம்பிவிட்டார்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சேஷகிரி திறந்தார். முப்பது வயதுக்குள் ஒரு பெண், வெறும் நெற்றி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ருக்கு அம்மா வீடு இதுதானா? நான் ஜெயலக்ஷ்மி. மல்லேஸ்வரத்துல ஸ்கூல் டீச்சரா இருக்கேன். முன்னாடி அவா போட்ட பதில் கார்டுல விலாசம் இருந்தது. அவாளைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். துக்கம் விசாரிக்க." பிறகு தயங்கி, "நீங்க?" என்றாள்.

இருபது வாரம் அவர் கண் முன்னால் வந்து நின்றது. குல்பர்கா நின்றது. சிரிலின் கேள்வி நின்றது.

"நான் ருக்குவோட அண்ணா" என்றார்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ருக்கு வெளியே வந்தாள். மஞ்சள் பூசிய முகம், நெற்றி நிறையக் குங்குமம், தலையில் பூ. ஜெயலக்ஷ்மி அவளைப் பார்த்தாள். சுமங்கலி எதிரில் தான் நிற்கக் கூடாது என்று பழக்கம் சொல்ல, ஓரடி பின்வாங்கினாள். பிறகு இவரைப் பார்த்தாள். ஏதோ புரியத் தொடங்கி முகம் சிவந்தது.

"உள்ள வாங்கோ" என்றாள் ருக்கு. "ருக்கு நான்தான். இவர் எனக்கு அண்ணா இல்லை, எங்காத்துக்காரர். எழுதறதெல்லாம் இவர்தான். நான் ஒரு வரிகூட எழுதினதில்லை."

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். காபி கலந்து கொடுத்தாள். இந்தப் பெண் ஒரு கார்டு எழுதிப் போட்டால் போதும், எல்லாம் முடிந்தது என்று சேஷகிரி மூலையில் நின்று கணக்குப் போட்டார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேறொன்று கேட்டாள்.

"கதைல வர அந்தத் தலகாணி உறை. அவர் தலை எண்ணெய்க் கறையோட இருக்கே, அதைத் தோய்க்க மனசு வராம அவ மடிச்சு வைக்கிறாளே. அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் ஒருத்தர் கிட்டயும் சொன்னதில்லையே."

சேஷகிரிக்குப் பொய் வரவில்லை. "யோசிச்சிருக்கேன்" என்றார். "நான் போயிட்டா இவ என்ன பண்ணுவா, எப்படி இருப்பான்னு. கல்யாணமான நாள்லேந்து எனக்கு அந்தப் பயம்தான். மத்த பயமெல்லாம் அதுக்கு அப்புறம்."

ருக்கு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பத்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியும் இது அவளுக்குத் தெரியாது.

ஜெயலக்ஷ்மி எழுந்துகொண்டாள். "நான் யார் கிட்டயும் சொல்லமாட்டேன். கவலைப்படாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, பழத்தை ருக்குவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சேஷகிரிக்கு உயிர் திரும்பி வந்தது. அது அரை நிமிஷம்தான்.

"அவ சொல்லமாட்டா. அது இருக்கட்டும்" என்றாள் ருக்கு. "என் பேரை எனக்குத் திருப்பிக் குடுங்கோ."

"ருக்கு, அந்தப் பேர் இல்லேன்னா தொடர்கதை இல்லை. வேற வேலையும் இல்லை."

"தெரியும். ஆபீசருக்குப் பயந்தேள், சரி. குல்பர்காவுக்குப் பயந்தேள், அதுவும் சரி. இவ என் பொண்டாட்டின்னு சொல்ல பயந்தா, அப்புறம் எதுக்கு இந்தக் குடித்தனம்? பட்டினி கிடக்கணும்னா சேர்ந்து கிடப்போம். இன்னொரு தடவை உங்க வாயால அண்ணான்னு வரக்கூடாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி நாளைத் தள்ளியிருப்பார்.

அந்தச் சனிக்கிழமை அத்தியாயத்தின் அடியில் 'சேஷகிரி' என்று எழுதினார். பழக்கமில்லாத கை, இரண்டு தடவை அடித்து எழுத வேண்டியிருந்தது. கூடவே ஆசிரியருக்கு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் ஒரு கடிதம். உறை பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் பிளாட்பாரம் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

பதில் ஐந்தே வரி. ஏமாற்றப்பட்டதாக உணர்கிறோம். ருக்கு என்ற பெயருக்காகத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். பாதியில் நிறுத்துவது பத்திரிகைக்கு அழகில்லை என்பதால் உங்கள் பெயரிலேயே போடுகிறோம். நான்கு வாரத்தில் முடித்துவிடவும். இதற்குமேல் எதுவும் அனுப்ப வேண்டாம்.

சிரில் கேட்ட கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. சேஷகிரி மருந்துக் கம்பெனிக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்தார். கன்னடப் பாடப் புத்தகத்தைத் தமிழில் பெயர்த்தார். அவென்யூ ரோட்டு அச்சாபீஸ்களில் நின்று, வேலை இருக்கிறதா என்று கேட்டார். ஒவ்வொரு வாசலிலும் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் கேட்டார். பின்னால் நாற்பது வருஷம் அவர் அப்படித்தான் பிழைத்தார். ஒருநாள்கூடப் பயமில்லாமல் இருந்ததில்லை.

அவர் பெயரில் அத்தியாயம் வந்த பிறகு கடிதக் கட்டு நின்றுபோயிற்று. தபால்காரர் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது வாரம் ஒரே ஒரு கார்டு வந்தது. விலாசத்தில் 'எழுத்தாளர் சேஷகிரி அவர்கள்' என்று போட்டிருந்தது. முதல் தடவையாக அப்படி. திருப்பிப் பார்த்தார்.

"நான் இன்னும் அந்த உறையைத் தோய்க்கவில்லை. இந்த வாரம் அவள் தோய்ப்பாளா? தெரிவிக்கவும். ஜெயலக்ஷ்மி."

கடைசி அத்தியாயம் எழுத வேண்டிய நாள் அது. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். தோய்ப்பாள் என்றும் எழுத முடியவில்லை, தோய்க்கமாட்டாள் என்றும் எழுத முடியவில்லை. இத்தனை நாள் தாமே கற்பனை செய்து ஒப்பேற்றிவிட்டார். இப்போது பதிலுக்காக ஒருத்தி உறையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

ருக்கு முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் எதிரில் நின்றார். ஆயுசு முழுக்க எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அதைக் கேட்டார்.

"ருக்கு, நான் போயிட்டா அந்த உறையை நீ என்ன பண்ணுவே?"

இப்படி அச்சானியமாகப் பேசுகிறாரே என்று கோபிப்பாள் என்று நினைத்தார். அவள் மடியில் இருந்த துணியை நாலாக மடித்து ஓரமாக வைத்தாள்.

"தோச்சுடுவேன்" என்றாள். "உள்ள தலகாணிலயும் அந்தக் கறை இறங்கியிருக்குமே, அதைத் தோய்க்க முடியாதே."

சேஷகிரி உள்ளே போய் அதை அப்படியே எழுதினார்.