பெரியாச்சி எனக்கு மூச்சைத் திருப்பித் தந்தாள்

என் பிள்ளை பிறந்தப்ப அழவே இல்லை. ஆனா அவ அழுகை எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்தது.

போன வருஷம், ஆஸ்பத்திரியில மல்லாந்து படுத்திருந்தேன். மேலே வெள்ளை விளக்கு. சுத்தி நின்னவங்க திடீர்னு பேச்சை நிறுத்திட்டாங்க. அந்த அமைதியிலதான் என் மகள் போயிட்டான்னு புரிஞ்சது.

சிங்கப்பூர் பொங்கோல்ல இருக்கிற எங்க வீட்டுக்கு வெறுங்கையோட வந்தேன். பாத்திரம் கழுவும்போது அழுகை கேக்கும். குழாயை மூடினா நின்னுடும். லிஃப்ட் விளக்கைப் பாத்தாலே நெஞ்சு அடைக்கும். மல்லாந்து படுக்கவே முடியல. சோபாவுல உக்காந்தபடியே தூங்கினேன். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருக்கியே, விடு லா"ன்னு என் கணவர் குமார் சொல்வார். எனக்கு விடத் தெரியல.

இங்க பிள்ளை பிறந்தா முப்பதாம் நாள் பெரியாச்சி அம்மன்கிட்ட தூக்கிட்டுப் போவோம். சில மாசம் கழிச்சு நான் தனியா சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போனேன். பக்கத்துல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட நின்னா. "பிரசவத்துக்குக் காவல் நீதானே? அன்னிக்கு எங்க போயிருந்த?"ன்னு அம்மன்கிட்ட மனசுக்குள்ள சண்டை போட்டேன். அப்புறம் கண்ணீர்கூட வராம கெஞ்சினேன். "இந்த உடம்புக்குள்ள என்னால இருக்க முடியல தாயே. ஒரு வழி காட்டு."

ஏற்கெனவே ஆஸ்பத்திரியில மனசுக்கு மருந்தும் கவுன்சலிங்கும் எடுத்துக்கிட்டு இருந்தேன். அடுத்த வாரம் அங்க கவுன்சலர், "மருந்தும் கவுன்சலிங்கும் தொடரட்டும். கூடவே யோகா செஞ்சு பாக்கிறீங்களா? உங்களை மாதிரி பெண்களுக்குன்னே ஒரு வகுப்பு நடக்குது"ன்னாங்க. நான் கேட்ட வழி அதுதான்னு அப்ப தெரியல.

முதல் வகுப்போட கடைசியில எல்லாரும் மல்லாந்து படுத்தாங்க. நான் மட்டும் உக்காந்தே இருந்தேன். டீச்சர் மலர் பக்கத்துல வந்து, என்னைத் தொடாம உக்காந்தாங்க.

"நீங்க படுக்க வேண்டாம் அக்கா. சுவர்ல சாஞ்சுக்குங்க. கண்ணு திறந்தே இருக்கட்டும். எப்ப வேணும்னாலும் நிறுத்திடலாம்."

மாசக்கணக்கா சுவர்லயே சாஞ்சிருந்தேன். அப்புறம் ஒருக்களிச்சுப் படுத்தேன். ஒரு மழை நாள்ல, மல்லாந்து. மேலே விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தது. வயித்துல கையை வச்சு மூச்சை விட்டேன். அழுகைச் சத்தம் கேட்டது. அழுதது நான்தான். என் மகளுக்காக அன்னிக்குத்தான் முதல் தடவையா அழுதேன்.

மருந்து இன்னும் சாப்பிடுறேன். அந்த அழுகைக் குரலும் சில நாள் வரும். வந்தா உக்காந்து மூச்சு விடுவேன். மெல்லப் போயிடும். இப்ப கட்டில்ல படுத்துத் தூங்குறேன்.

போன மாசம் நானும் குமாரும் கோயிலுக்குப் போனோம். அதுவரைக்கும் எங்க மகளுக்குப் பேர்கூட வைக்கல. யாழினின்னு பேர் வச்சு, அவளுக்காக ஒரு விளக்கு ஏத்தினோம்.

சகோதரிகளே, கோபமா இருந்தாலும் அம்மன்கிட்ட போங்க. திட்டணும்னா திட்டுங்க. அவ கேப்பா. அப்புறம் யாராவது வந்து ஒரு உதவியைக் காட்டினா, வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.