சாப்பிடப் போன பேய்க்கணவாய்

மறுக்க வழியே இல்லாத ஒருவர் கொடுப்பதைக் கொடை என்று சொல்லலாமா? ஸ்ரெல்லாவைத் தெரிந்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியை இந்தச் சொற்களில் கேட்டதில்லை. ஆக்லாந்தில் மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது, "அவ தம்பி தங்கச்சிமாருக்காக வாழ்ந்தவ" என்பார்கள். அதில் பொய் இல்லை. வேறு எப்படி வாழ அவருக்கு இடம் இருந்தது என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஸ்ரெல்லா மன்னாரில் பிறந்தவர். தாய் மஞ்சள் காமாலையில் இறந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. கொழும்பில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. போக வேண்டாம் என்று யாரும் தடுக்கவுமில்லை. வீட்டில் இரண்டு தங்கைகளும் எல்லோருக்கும் இளையவனான றொய்ஸ்டனும் இருந்தார்கள். மூத்தவள் சமையலறைக்குள் போனாள், அவ்வளவுதான். பின்னாளில் தங்கைகள் மணமுடித்துக் கனடா போனார்கள். றொய்ஸ்டன் நில அளவையாளராகி நியூசிலாந்துக்கு, இந்த ஆக்லாந்துக்கு, வந்தார். யுத்தம் மன்னாரைக் கலைத்தபோது அக்காவைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டார். தொண்ணூற்றிரண்டில் ஸ்ரெல்லா மவுண்ட் வெல்லிங்டன் வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரமே றொய்ஸ்டனின் மனைவி அனோஜா வங்கி வேலைக்குத் திரும்பினார். மூத்தவன் டிலுக்ஷன் அப்போது கைக்குழந்தை. அடுத்த ஆண்டு றோஷினி பிறந்தாள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது ஸ்ரெல்லா சொல்லும் கதை ஒன்றுண்டு. அது கதையல்ல, படம்.

மன்னாரில் அவரும் பின்னர் றொய்ஸ்டனும் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பாடசாலை. அங்கே ஆண்டுக்கொரு தடவை, திருநாளன்று, ஆயர் இல்லத்திலிருந்து புரொஜெக்டர் கொண்டுவந்து படம் காட்டுவார்கள். எந்த ஆண்டும் அதே படம்தான்: கடலுக்கடியில் எடுத்த ஆங்கில விவரணப்படம், பேய்க்கணவாயைப் பற்றியது. வலையில் அகப்பட்டு வந்து மணலில் குழைந்து கிடக்கும் எட்டுக்கைப் பிராணியாகத்தான் அதை அந்தப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். படத்தில் அது கல்லின் நிறம் கொண்டது, பிறகு பாசியின் நிறம். சிறு பொந்துக்குள் தன் உடம்பு முழுவதையும் தண்ணீரைப் போல ஊற்றிக்கொண்டது. ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, படம் பிடிக்கிறவனைப் பார்த்தது.

இரண்டு இடங்களில் சிஸ்ரர் பெனடிக்றா புரொஜெக்டருக்கு முன்னால் கையை வைத்துவிடுவார். முதல் இடம் இரண்டு பேய்க்கணவாய்கள் சேருமிடம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அதைப் புரிந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். இரண்டாவது இடம் யாருக்கும் விளங்கியதில்லை. தாய் தன் பொந்தின் கூரையில் முட்டைகளைச் சரஞ்சரமாகத் தொங்கவிட்டிருக்கும். அவற்றின்மீது ஓயாமல் தண்ணீரை ஊதிக்கொண்டிருக்கும். நண்டு முன்னால் நடந்து போனாலும் பிடிக்காது. அப்போது கை வரும். திரை இருளும், விரலிடுக்கில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. சத்தத்தைக் கையால் மறைக்க முடியாதே. விளங்காத ஆங்கிலத்தில் ஒருவர் மிக மெதுவாகப் பேசுவதும் ஒரு வயலினும் இருட்டிலே கேட்டுக்கொண்டிருக்கும். கை விலகும்போது குஞ்சுகள் வெளிச்சத்தில் தூசியைப் போல மேலே எழும்பிக்கொண்டிருக்கும். தாய் இருக்காது.

தாய் எங்கே போயிற்று என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். பத்து வயது ஸ்ரெல்லாவின் தீர்ப்பு இதுதான்: "அது சாப்பிடப் போட்டுது. எத்தினை நாளாப் பட்டினி, பாவம்."

முதல் இடத்தைப் பாவம் என்றும் இரண்டாவதைத் துயரம் என்றும் சிஸ்ரர் நினைத்திருக்கலாம். அதே மண்டபத்தில் தேநீர் குடிக்கும் நான், இரண்டையும் ஒரே கையால் மறைத்தார் என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்ரெல்லா தன் தீர்ப்பை மாற்றாமலே ஆக்லாந்துவரை கொண்டுவந்தார். டிலுக்ஷனுக்கும் றோஷினிக்கும் அவர் சொன்ன கதை, தாய் வயிறாரச் சாப்பிடப் போனதோடுதான் முடியும்.

றோஷினி பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வீடு பகலில் வெறுமையானது. டெயரி என்று இங்கே சொல்லும் மூலைக் கடையின் கண்ணாடியில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஸ்ரெல்லா பக்கத்துத் தெருவில் மா குழைத்துப் பாண் சுடும் தொழிற்சாலைக்குத் தானாகவே போய் வேலை கேட்டார். சுட்ட பாண்களைச் சுமந்து ஓடும் பட்டியின் அருகே நின்று, சரிந்ததையும் கருகியதையும் எடுத்துப் போடும் வேலை. ஓராண்டுக்குள் அந்த வரிசை அவர் பொறுப்பில் வந்தது. மேற்பார்வையாளர் லோசா சமோவாக்காரி, பெரிய குரல். பாண்களில் பிழை கண்டால், "ஸ்ரெல்லா, நிறுத்தவா?" என்று தூரத்திலிருந்து கத்துவாள். ஸ்ரெல்லா தலையசைத்தால் பட்டி முழுவதும் நிற்கும், அசைக்காவிட்டால் ஓடும். வேலையைப் பற்றி அவர் வீட்டில் சொன்னது இது ஒன்றுதான். ஆனால் பலமுறை சொன்னார்.

தொண்ணூற்றேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. றொய்ஸ்டன் செற்றியில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். ஸ்ரெல்லா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றார். வயலினை வைத்துத்தான் அவர் படத்தை அடையாளம் கண்டார்.

"டேய் றொய்ஸ்டன், எழும்பு. பேய்க்கணவாய்ப் படம்!"

"என்னக்கா... ஐயோ, எங்கடை பள்ளிக்கூடப் படமெல்லோ! சிஸ்ரரின்ரை கை எங்கை?"

இரண்டு பேய்க்கணவாய்கள் நெருங்கின. அனோஜாவின் கை தன்னாலே எழுந்து மடியிலிருந்த றோஷினியின் கண்ணைப் பொத்தியது.

"கையை எடும் அனோஜா" என்றார் ஸ்ரெல்லா.

"மச்சாள், சின்னப்பிள்ளை..."

"அதுக்கு ஒண்டும் விளங்காது. எடும்."

றொய்ஸ்டன் சிரித்தார். "சிஸ்ரர் இருந்திருந்தா உங்களை முழங்காலிலை விட்டிருப்பா, அக்கா."

பிறகு முட்டைகள். இந்தத் தடவை எந்தக் கையும் வரவில்லை. தாய் நாளுக்கு நாள் வெளிறியது. தோல் உரிந்தது. குஞ்சுகள் வெளியேறிய பிறகு அது பொந்தின் வாசலில் வெள்ளைத் துணி போலக் கிடந்தது. நீரோட்டம் அதை இப்படியும் அப்படியும் புரட்டியது. மீன்கள் வந்து கொத்தின. ஆங்கிலக்காரர் மெதுவாகப் பேசினார். இப்போது எல்லாம் விளங்கியது.

"மாமி, ஷீ இஸ் டெட்" என்றான் டிலுக்ஷன். "யூ செட் சாப்பிடப் போனது எண்டு."

"ஓம். பிழையாச் சொல்லிப்போட்டன்."

றொய்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளகிய மனம் அவருக்கு. "தாய் எண்டா அதுதான். எங்களுக்கு நீங்கள் இருந்தமாதிரி, அக்கா."

அன்பாகத்தான் சொன்னார். ஸ்ரெல்லா திரையைப் பார்த்துக்கொண்டே, "நான் இன்னும் சாகேல்லையடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அனோஜா மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். வெஸ்ட்கேட்டில் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஸ்ரெல்லாவுக்கு ஓர் அறை. பக்கத்திலேயே குழந்தையின் அறை. சுவரின் நிறத்தைக்கூட அவரிடம் கேட்டார்கள். வேலையைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. அங்கிருந்து மவுண்ட் வெல்லிங்டனுக்கு நகரத்தைக் குறுக்கே கடந்து வரவேண்டும். விடியற்காலை வேலைக்கு வர பஸ் கிடையாது. அக்கா வேலையை விடுவார் என்பது அந்த வீட்டில் முடிவுசெய்ய வேண்டிய விடயமாகவே இருக்கவில்லை.

வீடு தயாராகும் தேதி தெரிந்ததும், றொய்ஸ்டன் அவர்கள் குடும்பத்தில் ஓர் ஆண்பிள்ளை செய்யக்கூடியதைச் செய்தார். வெளியார் முன்னால் அக்கா வாய்திறந்து சங்கடப்பட வேண்டாம் என்று, தானே தொழிற்சாலைக்கு போன் எடுத்து, அக்கா மாத முடிவில் வேலையிலிருந்து நிற்கிறார் என்று மரியாதையாக அறிவித்தார். ஊரில் அக்காமாருக்காகக் கச்சேரி என்னும் அரச அலுவலகத்திலும் வங்கியிலும் பேசியது அவர்தான். அது உதவி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் சொல்ல மறந்தும் போனார்.

மறுநாள் லோசா பட்டியருகே வந்தாள். அன்று அவள் கத்தவில்லை. நீ போகிறாயாமே, என்னிடம் ஏன் நீயே சொல்லவில்லை என்று கேட்டாள். ஸ்ரெல்லாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், வார முடிவுவரை தவணை கேட்டார். அந்த இடத்துக்கு வெள்ளிக்கிழமை வேறொருத்தியைப் போடவேண்டும், அதற்குள் சொல் என்றாள் லோசா.

அந்த நாட்களில் ஸ்ரெல்லா வீட்டில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போலச் சமைத்தார். வெள்ளிக்கிழமை மதியம், தம்பி சொன்னது தவறு, நான் நிற்கப்போவதில்லை, வேலையில்தான் இருக்கப்போகிறேன் என்று லோசாவிடம் சொன்னார். பின்னேரம் மேசையில் வைத்து வீட்டிலும் சொன்னார்.

"அக்கா, நான் உங்களுக்கு நல்லதுக்குத்தானே..."

"தெரியும்."

"அப்ப ஏன் என்னட்டைச் சொல்லேல்லை, வேலை வேணும் எண்டு?"

"நீ கேக்கேல்லையே."

அனோஜா அழுதார். "மச்சாள், பிள்ளையை ஆர் பாக்கிறது? நான் உங்களை நம்பித்தான்..."

"பிள்ளை உம்மடை, அனோஜா. எனக்கும் ஆசைதான்."

சில நாட்கள் கழித்து நடந்ததை றொய்ஸ்டனுக்குச் சார்பாகச் சொல்லியே ஆகவேண்டும். நான் எளிதில் யாரையும் மெச்சுவதில்லை. அவர் தன் பிழையை உணர்ந்து, லோசாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். குழந்தையைப் பார்க்க வெஸ்ட்கேட்டிலேயே ஒரு பெண்ணை ஒழுங்கு செய்தார். தன் வேலையைத் தாமதமாகத் தொடங்க அனுமதி வாங்கி, விடியற்காலையில் அக்காவைத் தானே காரில் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். சமைக்கவும் வேண்டாம், பிள்ளை பார்க்கவும் வேண்டாம், அக்காவாக வந்து இருந்தால் போதும் என்றார். மனதாரச் சொன்னார். செய்யக்கூடியவரும்தான்.

ஸ்ரெல்லா கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லது தம்பி" என்றார். அதைச் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

வீடு மாறும் நாளில் அவர் சமையலறைச் சாமான்களைக் கட்டினார். பழைய வீட்டின் அடுப்பைத் தேய்த்துக் கழுவினார். பிள்ளைகளைக் காரில் ஏற்றி இருக்கைப் பட்டி போட்டார். பிறகு தன்னுடைய இரண்டு சூட்கேசையும் றொய்ஸ்டனிடம் காட்டி, "இதுகளை மட்டும் ரவுணுக்குக் கொண்டுபோய் விடு" என்றார். நகர மையத்தில், பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்த ஒரு மாடிக் கட்டடத்தில், அவர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்.

"என்னக்கா விசர்க்கதை? போன மாதம் கரண்ட் இல்லாமல் சனம் விட்டிட்டு ஓடின இடமெல்லோ அது!"

"இப்ப வந்திட்டுது."

"அக்கா, நீங்கள் கேட்டதெல்லாம் நாங்கள் ஒத்துக்கொண்டிட்டம். இன்னும் என்ன வேணும்? சொல்லுங்கோ, செய்யிறன்."

"ஒண்டும் வேண்டாம். நீ நல்லாத்தான் செய்தாய்."

"கோவமே?"

"இல்லையடா."

அது உண்மை என்றே நான் நினைக்கிறேன். குழந்தை பிறந்தபோது அவர்தான் முதலில் தூக்கினார். சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வெஸ்ட்கேட்டுக்குப் போவார், குழந்தையைக் குளிப்பாட்டுவார், எல்லோரோடும் இருந்து சாப்பிடுவார். தாய்ப் பேய்க்கணவாயைக் கண்டு பயந்துவிட்டார் என்று றொய்ஸ்டன் பூசைக்கு வந்த ஒருவரிடம் பாதி விளையாட்டாகச் சொன்னார். படத்தைக் காரணமாகக் காட்டுவது எளிது. நான் அதை நம்பவில்லை. ஒன்பது மாதம் அவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வெஸ்ட்கேட்டுக்குப் போகாமல் இருப்பதற்கான காரணம் ஒவ்வொன்றும் அகற்றப்பட்ட பிறகுதான் அவர் போகாமல் இருந்தார். இப்போது மறுக்க அவருக்கு இடம் இருந்தது.

அறை வெஸ்ட்கேட்டில் அவருக்காகவே இருந்தது. கட்டில் விரித்திருக்கும். சனிக்கிழமை மாலை ஆனதும் அனோஜா, "மச்சாள், இண்டைக்கு மட்டுமாவது நில்லுங்கோவன்" என்பார். ஸ்ரெல்லா குழந்தையை அவரிடம் கொடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நடப்பார். ஒரு தடவைகூட அங்கே தங்கவில்லை.